முதுகுத் தண்ணீரும் மஞ்சள் மருந்தும்

எனக்கு ரத்தப் புற்றுநோய் என்று சொன்ன அன்று அம்மா அழவில்லை. கீமோ என்றார்கள், தலையாட்டினார். முடி கொட்டும் என்றார்கள், அதற்கும் தலையாட்டினார். மூன்றாம் நாள் டாக்டர் ஒரு தாளை நீட்டி, "முதுகில் கொஞ்சம் தண்ணீர் எடுத்துவிட்டு அதே ஊசி வழியாக மருந்து போடுவோம், கையெழுத்துப் போடுங்க" என்றபோதுதான் உடைந்துபோனார். "வேணாம் டாக்டர். முதுகுல தண்ணி எடுத்தா கால் வராமப் போயிரும். எங்க ஊர்லயே ஒரு பையனுக்கு அப்படி ஆயிருக்கு."

அப்போது எனக்கு 23 வயது. நோயின் பெயர் அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கீமியா. வார்டில் எல்லாரும் ஏ.எல்.எல். என்பார்கள். அடுத்த இரண்டரை வருடத்தில் அந்த முதுகு ஊசியை 14 முறை போட்டுக்கொண்டேன். அதற்கு வார்டில் ஐ.டி. என்று பெயர். "நாளைக்கு உனக்கு ஐ.டி." என்று சிஸ்டர் சொல்லிவிட்டால் அன்று இரவு தூக்கம் வராது. 14 முறையும் என் காலில் நடந்துதான் வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கு யாராவது அரை மணி நேரம் உட்கார்ந்து அம்மாவிடம் இதைப் பற்றிச் சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அந்த அரை மணி நேரத்தைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன். இந்த ஊசியில் பயப்பட வேண்டிய விஷயம் உண்மையிலேயே ஒன்று இருக்கிறது. ஆனால் நாங்கள் பயந்தது அதற்கு இல்லை.

முதலில் ஊர்ப் பேச்சை எடுத்துக்கொள்வோம். அது சும்மா வந்ததில்லை. நம் பக்கத்தில் பல காலமாக முதுகில் நீர் எடுத்தது பெரும்பாலும் மூளைக்காய்ச்சல் வந்தவர்களுக்குத்தான். நினைவு தப்பி, வலிப்பு வந்து, கடைசி நேரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போன பிள்ளைகள். சிலருக்கு அந்தக் காய்ச்சலே உயிரைக் கொண்டுபோனது, சிலருக்குக் கை காலை முடக்கியது. வெளியே நின்றிருந்த சொந்தக்காரர்கள் கண்ணில் பட்டது ஊசி மட்டும்தான். பழி அதன்மேல் விழுந்தது.

தண்டுவடம் முதுகெலும்பின் அடி வரைக்கும் ஓடுகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பெரியவர்களுக்கு அது இடுப்புப் பகுதியின் முதல் முள்ளெலும்பு மட்டத்தில், மிஞ்சிப்போனால் இரண்டாவதில், முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே அந்த உறைக்குள் இருப்பது நீரும், நீரில் தொங்கும் நரம்பு இழைகளும்தான். கொத்தாகத் தொங்குவதால் மருத்துவத்தில் அதற்குக் குதிரைவால் என்றே பெயர். ஊசி இறங்குவது இடுப்புப் பகுதியின் 3-ஆவது, 4-ஆவது எலும்புகளுக்கு நடுவில், அல்லது 4-க்கும் 5-க்கும் நடுவில். அதாவது தண்டுவடம் முடிந்து நாலு விரல் கீழே. ஊசி வரும்போது இழைகள் பெரும்பாலும் ஒதுங்கிக்கொள்ளும். எப்போதாவது ஒன்றில் உரசினால் காலில் சுளீரென்று கரண்ட் அடித்த மாதிரி இருக்கும். எனக்கு இரண்டு முறை அப்படி ஆனது. "எந்தக் கால்?" என்று டாக்டர் கேட்டார். வலது என்றேன். ஊசியைக் கொஞ்சம் வெளியே இழுத்துத் திசையை மாற்றினார், நின்றுவிட்டது. அந்த நேரத்தில் காலை வெடுக்கென்று இழுக்காமல் எந்தப் பக்கம் என்று வாயால் சொன்னால் போதும்.

அப்புறம் அந்தத் தண்ணீர். ஒரு பெரியவரின் மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஏறத்தாழ 150 மி.லி. நீர் இருக்கிறது, ஒரு டம்ளர் அளவு. அது தேங்கிக் கிடக்கும் நீர் இல்லை. ஒரு நாளைக்குச் சுமார் 500 மி.லி. புதிதாகச் சுரந்து, பழையது ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கிறது. என்னிடம் ஒவ்வொரு முறையும் எடுத்தது நாலைந்து மி.லி. கணக்குப் போட்டால் கால் மணி நேரத்தில் உடம்பு அதை ஈடுகட்டிவிடும். இறைத்த கிணறு ஊறும் என்பது இங்கே அப்படியே பொருந்துகிறது.

இந்த முறை புதிதும் இல்லை. 1891-இல் ஜெர்மனியின் கீல் நகரில் ஹைன்ரிக் குயிங்கே என்ற மருத்துவர் மூளையில் நீர் அழுத்தம் கூடித் தவித்த குழந்தைகளுக்கு இடுப்புப் பகுதியில் ஊசி போட்டு நீரை இறக்கினார். இன்றும் சாதாரண முதுகு ஊசியின் முனைக்கு அவர் பெயர்தான். அதே ஊரில் 7 வருடம் கழித்து நடந்த இன்னொரு விஷயத்தைப் பின்னால் சொல்கிறேன்.

சரி, ரத்தத்தில் இருக்கிற நோய்க்கு எதற்கு முதுகில் மருந்து? அம்மா கேட்ட கேள்வி இது. "கையில ஏத்துற மருந்து உடம்பு முழுக்கத்தான போகுது?"

போகாது. மூளையின் ரத்தக் குழாய்கள் மற்ற உறுப்புகளின் குழாய்களைப் போல இல்லை. சுவரின் செல்கள் இடைவெளி இல்லாமல் நெருக்கமாக ஒட்டியிருக்கும். 1885-இல் பால் எர்லிக் என்ற ஜெர்மன் மருத்துவர் விலங்குகளின் உடம்பில் சாயத்தைச் செலுத்தியபோது எல்லா உறுப்பும் நிறம் மாறியது, மூளை மட்டும் மாறவில்லை. நஞ்சுகள் மூளைக்குள் போகாமல் காப்பதற்கு இயற்கை கட்டிய வேலி அது. கீமோ மருந்துகளில் பலவற்றையும் அந்த வேலி நிறுத்திவிடுகிறது. லுக்கீமியா செல் மட்டும் எப்படியோ உள்ளே போய்விடுகிறது. வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் ஓடினாலும் மேட்டு வயலுக்கு ஏறாது. அந்த வயலுக்குக் குடத்தில் சுமந்துதான் ஊற்ற வேண்டும். முதுகு ஊசி அந்தக் குடம்.

இதை மருத்துவ உலகம் எளிதாகக் கற்றுக்கொள்ளவில்லை. 1947-ஆம் ஆண்டின் கடைசியில் அமெரிக்காவின் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் லுக்கீமியா வந்த குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். அதுவரை வாரக்கணக்கில் இறந்துகொண்டிருந்த பிள்ளைகளில் சிலர் எழுந்து நடமாடினார்கள். அந்த மருந்தை லெடர்லி என்ற மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில் உருவாக்கிய குழுவின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காதி உடுத்தியதற்காக ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழு மருத்துவப் பட்டம் கிடைக்காமல் அதைவிடக் குறைந்த சான்றிதழோடு அமெரிக்கா போனவர். அதே ஆய்வகத்தில் பிறந்த அமினோப்டெரினின் தம்பிதான் மெத்தோட்ரெக்ஸேட். எனக்கு முதுகில் 14 முறை இறங்கிய மருந்து. சென்னையில் அந்தக் கல்லூரி வழியாக எத்தனையோ முறை பஸ்ஸில் போயிருக்கிறேன். இந்தச் செய்தி தெரிந்த பிறகு அந்தக் கட்டடங்களைப் பார்க்கும்போது நெஞ்சு கனக்கிறது. அவர் 1948-இல், 53 வயதில் இறந்துபோனார். தன் மருந்து எத்தனை பிள்ளைகளைக் காப்பாற்றும் என்று பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

மருந்துகள் கூடக் கூட வேறொரு கொடுமை தெரிய வந்தது. எலும்பு மஜ்ஜை சுத்தமாக இருக்கும், ரத்தம் சுத்தமாக இருக்கும், பிள்ளை பள்ளிக்கூடம் போகும். ஒரு நாள் காலையில் தலைவலி, வாந்தி, மாறுகண். நோய் மூளை உறையில் திரும்பியிருக்கும். மூளைக்குத் தனியாக வைத்தியம் செய்யாத அந்தக் காலத்தில் பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு இப்படி ஆனது. மெம்ஃபிஸ் நகரின் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டொனால்ட் பிங்கல் 1960-களில் ஒரு முடிவுக்கு வந்தார்: மூளையில் நோய் தெரியும் வரை காத்திருக்கக் கூடாது, தெரியாதபோதே அங்கே மருந்து போக வேண்டும். தலைக்குக் கதிர்வீச்சும் முதுகில் மெத்தோட்ரெக்ஸேட்டும் சேர்த்துக் கொடுத்தார். பாதிப் பிள்ளைகள் முழுசாகக் குணமானார்கள். குழந்தைகளின் லுக்கீமியாவைக் குணப்படுத்த முடியும் என்று உலகம் நம்ப ஆரம்பித்தது அங்கிருந்துதான்.

நம் நாட்டிலும் இதே கதைதான். சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் 1980-களின் நடுவிலிருந்து எம்.சி.பி. 841 என்ற ஒரே சிகிச்சைத் திட்டத்தைப் பின்பற்றின. முதுகு ஊசி அதில் முக்கியமான பகுதி. அதற்கு முன் நோயில்லாமல் நீண்ட நாள் வாழ்ந்தவர்கள் 20 சதவீதத்துக்கும் குறைவு. அதற்குப் பின் 45 முதல் 60 சதவீதம். அந்தத் தாளில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அம்மா சொன்னபோது இந்த எண்கள் எங்கள் கையில் இருந்திருக்க வேண்டும்.

ஊசி எண்ணிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. "இத்தனை ஊசியா?" என்று எல்லாரும் அதிர்ச்சியாகிறார்கள். தலைக்குக் கொடுத்த கதிர்வீச்சு பிள்ளைகளின் படிப்பையும் நினைவாற்றலையும் வளர்ச்சியையும் பாதித்தது; சிலருக்குப் பல வருடம் கழித்து மூளையிலேயே வேறு கட்டி வந்தது. அதனால் முதலில் 24 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சை 18 ஆகக் குறைத்தார்கள். பிறகு, முதுகு ஊசியையும் நரம்பு வழிக் கீமோவையும் திட்டமிட்டுக் கூட்டினால் தலைக்குக் கதிர்வீச்சே இல்லாமல் சமாளிக்கலாம் என்று செயின்ட் ஜூட் மருத்துவர்கள் 2009-இல் வெளியிட்டார்கள். ஆக, ஊசி கூடியது மூளையைக் காப்பாற்றுவதற்காக. இதைத் தெரிந்துகொண்ட பிறகு ஒவ்வொரு ஊசியையும் என்னால் வேறு மாதிரி பார்க்க முடிந்தது.

இனி அந்த அறைக்குள் போவோம். முதல் ஊசிக்கு முன்னால் இரண்டு நாள் காத்திருக்க வைத்தார்கள். ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் அணுக்கள் எனக்கு மிகக் குறைவாக இருந்தன. ரத்தம் உறையாத நிலையில் ஊசி குத்தினால் அந்த இடத்தில் ரத்தம் கட்டி நரம்பை அழுத்தலாம். இன்னொரு காரணமும் உண்டு. முதல் ஊசி போடும் நேரத்தில் ரத்தம் முழுக்க நோய்ச் செல்கள். குத்தும்போது ரத்தம் கசிந்தால் சுத்தமாக இருந்த முதுகு நீருக்குள் நாமே நோயைக் கொண்டுபோய் விட்டதாகிவிடும். அதனால்தான் முதல் ஊசியை அனுபவம் உள்ள கை போட வேண்டும் என்று வற்புறுத்துகிறார்கள். எலுமிச்சைச் சாறு நிறத்தில் பிளேட்லெட் பைகள் வந்து ஏறிய பிறகுதான் என்னை அழைத்துப் போனார்கள்.

"இறால் மாதிரி சுருண்டு படும்மா" என்றார் சிஸ்டர். இடது பக்கமாக, முதுகு கட்டிலின் விளிம்புக்கு வந்து, முட்டியை வயிற்றோடு சேர்த்து, தாடையை நெஞ்சில் அழுத்தி. இந்த ஒன்றுதான் நம் கையில் இருக்கிறது. எவ்வளவு வளைகிறோமோ அவ்வளவு எலும்புகளுக்கு நடுவே இடம் விரியும், அவ்வளவு சீக்கிரம் வேலை முடியும். டாக்டர் என் இடுப்பெலும்பின் மேல் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். அந்த மட்டத்தில்தான் 4-ஆவது எலும்பு வரும். பேனா மூடியால் ஒரு இடத்தில் அழுத்தி அடையாளம் வைத்தார். பீட்டாடின் பட்டதும் முதுகு முழுக்கச் சில்லிட்டது. மரத்துப்போவதற்கான ஊசி ஐந்தாறு வினாடி எரிந்தது. உண்மையைச் சொன்னால், மொத்தத்தில் வலி என்று சொல்லத் தக்கது அதுதான். அதற்கப்புறம் வருவது அழுத்தம். யாரோ கட்டைவிரலால் முதுகெலும்பைத் தள்ளுகிற மாதிரி. தள்ளிக்கொண்டே வந்து திடீரென்று ஒரு தளர்வு. ஊசி உறைக்குள் போய்விட்டது.

"வருது" என்றார் டாக்டர். தண்ணீரைப் போலத் தெளிவாகச் சொட்டுச் சொட்டாகக் குப்பிகளில் விழுந்தது. ஒரு குப்பி செல்லை எண்ண, ஒன்று சர்க்கரையும் புரதமும் பார்க்க, ஒன்று நோய்ச் செல் ஒளிந்திருக்கிறதா என்று நுண்ணோக்கியில் தேட. பிறகு மருந்து. மெத்தோட்ரெக்ஸேட் நல்ல மஞ்சள் நிறம். நிதானமாக, ஒரு நிமிடத்துக்கும் மேலாகத் தள்ளினார்கள். கால் வழியாக ஏதோ கனமாக இறங்குவது போல இருந்தது, போய்விட்டது. படுத்ததிலிருந்து பிளாஸ்டர் ஒட்டும் வரை 20 நிமிடம் ஆகியிருக்கும்.

எனக்குப் போட்டது 12 மில்லிகிராம். பக்கத்துப் படுக்கையில் இருந்த 4 வயதுப் பையனுக்கும் அதே 12 மில்லிகிராம். அவன் எடை என் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. தப்பாகப் போட்டுவிட்டார்களோ என்று அவன் அம்மா பதறினார். தப்பில்லை. மூளை உடம்பைவிட வேகமாக வளர்ந்துவிடுகிறது. 3 வயதிலேயே முதுகு நீரின் அளவு பெரியவர்கள் அளவை நெருங்கிவிடும். ஒரு காலத்தில் உடம்பின் அளவைப் பார்த்தே கொடுத்தார்கள். சின்னக் குழந்தைகளுக்கு மருந்து போதாமல் நோய் திரும்பியது, வளர்ந்த பிள்ளைகளுக்கு அதிகமாகி நரம்பு பாதித்தது. வயதைப் பார்த்துக் கொடுக்க ஆரம்பித்த பிறகு இரண்டும் குறைந்தன. இதை டாக்டர் ஒரே நிமிடத்தில் அந்த அம்மாவிடம் சொன்னார். அவர் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். ஒரே நிமிடம்தான்.

குழந்தைகளைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது. வசதியுள்ள இடங்களில் குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்துப் போடுகிறார்கள். எழும்போது எல்லாம் முடிந்திருக்கும். மயக்க மருத்துவர் இல்லாத இடங்களில் நாலு பேர் சேர்ந்து பிடித்துக்கொள்கிறார்கள். அலறுகிற, திமிறுகிற முதுகில் ஊசி சரியாக இறங்காது. ரத்தம் கலக்கும், மறுபடி குத்த வேண்டி வரும், அடுத்த முறை ஆஸ்பத்திரி வாசலிலேயே பிள்ளை அழ ஆரம்பிக்கும். மயக்கம் கொடுப்பது செல்லம் கொடுப்பது இல்லை, அது சிகிச்சையின் பகுதி. அது முடியாத இடத்திலும் ஒரு மணி நேரம் முன்னால் மரப்புக் களிம்பைத் தடவிவைக்கலாம். பெற்றோர் கேட்டுப் பார்க்கலாம், கேட்பதில் தப்பே இல்லை.

ஊசி முடிந்ததும் தலையணை இல்லாமல் நேராகப் படுக்கச் சொல்வார்கள். மருந்து இடுப்போடு நின்றுவிடாமல் மேலே மூளை வரை பரவ அது உதவும் என்பதே முக்கியக் காரணம். தலைவலி வராமல் இருக்கத்தான் படுக்க வேண்டும் என்று பலர் சொல்வார்கள். ஆனால் படுத்துக் கிடந்ததால் தலைவலி குறைந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. என் 3-ஆவது ஊசிக்குப் பிறகு சொன்னபடி படுத்தும் மறுநாள் தலைவலி வந்தது. படுத்தால் ஒன்றும் இருக்காது. எழுந்து உட்கார்ந்தால் பிடரியிலிருந்து நெற்றி வரை யாரோ கயிறு போட்டு இறுக்குவது போல. சோறு சாப்பிட உட்கார முடியவில்லை, அம்மா படுத்தபடியே ஊட்டினார். 5 நாளில் போய்விட்டது.

கீலில் நடந்ததைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? 1898-இல் அங்கே அறுவை மருத்துவர் ஆகஸ்ட் பியர், முதுகில் மருந்து போட்டு உடம்பின் கீழ்ப் பாதியை மரக்க வைக்க முடியுமா என்று தன் முதுகிலேயே சோதிக்கச் சொன்னார். உதவியாளர் ஊசியைச் சரியாகத்தான் இறக்கினார். ஆனால் சிரிஞ்ச் அந்த ஊசியில் சரியாகப் பொருந்தவில்லை. மருந்தும் சிந்தியது, முதுகு நீரும் நிறைய வெளியேறியது. பியருக்கு எழுந்தால் தலைவலி, படுத்தால் சரி. 9 நாள் படுத்துக் கிடந்தார். ஊசி போட்ட ஓட்டை வழியாக நீர் கசிந்து அழுத்தம் குறைவதுதான் காரணம் என்பதை அன்றே ஊகித்து எழுதியும் வைத்தார். எனக்கு வந்ததும் அதேதான்.

இதற்கு வழியும் இருக்கிறது. சாதாரண ஊசியின் முனை வெட்டிக்கொண்டு போகும். பென்சில் முனை போன்ற ஊசி உறையின் இழைகளை விலக்கிக்கொண்டு போகும். எடுத்ததும் இழைகள் மூடிக்கொள்ளும். 2018-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வில் சாதாரண ஊசி போட்டவர்களில் 11 சதவீதம் பேருக்குத் தலைவலி வந்திருக்கிறது, பென்சில் முனை ஊசியில் 4.2 சதவீதம் பேருக்கு. விலை கொஞ்சம் கூட. எனக்கு 5-ஆவது ஊசியிலிருந்து அப்பா அதையே கேட்டு வாங்கிக் கொடுத்தார். பிறகு தலைவலி வரவில்லை.

தலைவலி தவிர வேறு தொல்லைகளும் உண்டு, மறைக்கக் கூடாது. சிலருக்கு அன்றே காய்ச்சல், வாந்தி, கழுத்து இறுக்கம் வரும். மருந்து பட்டு மூளை உறை எரிச்சலடைவதால் வருவது, இரண்டு மூன்று நாளில் அடங்கும். ஆனால் கிருமித் தொற்றும் இதே மாதிரிதான் காட்டும் என்பதால் வீட்டில் காத்திருக்கக் கூடாது. ஒரு சிலருக்கு ஊசிக்குப் பிறகு இரண்டாவது வாரத்துக்குள் திடீரென்று பேச்சு குழறும், ஒரு பக்கக் கை கால் வலுவிழக்கும், வலிப்பும் வரலாம். பக்கவாதம் போலவே இருக்கும். மெத்தோட்ரெக்ஸேட் மூளையில் ஏற்படுத்தும் தற்காலிகக் கோளாறு அது, பெரும்பாலானவர்கள் தேறிவிடுகிறார்கள். அப்படி ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், ஊசி போட்ட தேதியையும் சொல்ல வேண்டும்.

அடிக்கடி போட வேண்டியவர்களுக்குத் தலைத்தோலுக்கு அடியில் ஒரு சின்னக் குமிழை வைத்து, அதன் வழியாக மூளை நீருக்கே மருந்து அனுப்பும் முறை இருக்கிறது. பாகிஸ்தானிலிருந்து அமெரிக்கா போன ஆயுப் ஒமாயா 1963-இல் செய்தது. மார்பகம், நுரையீரல் புற்றுநோய் மூளை உறைக்குப் பரவியவர்களுக்கும் இதைப் பயன்படுத்துவார்கள்.

இப்போது அந்தப் பெரிய பயத்துக்கு வருகிறேன்.

எங்கள் பக்கம் சுடுகாட்டு ஓரத்திலும் கோயில் நந்தவனத்திலும் ஒரே செடி பூத்துக் கிடக்கும். நித்தியகல்யாணி. தென் மாவட்டங்களில் அதை மானாவாரியில் பயிரிட்டு இலையும் வேரும் காயவைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். அதிலிருந்து எடுக்கும் வின்கிறிஸ்டின் ஏ.எல்.எல். நோய்க்கு உயிர் மருந்து. என் கை நரம்பில் வாரா வாரம் ஏறியது. அதே வின்கிறிஸ்டின் தவறி முதுகில் போய்விட்டால் ஆள் பிழைப்பது அரிது. நரம்பைக் கீழிருந்து மேலாக முடக்கிக்கொண்டே போய் மூச்சை நிறுத்திவிடும். தப்பிய மிகச் சிலரும் முடங்கிப்போனார்கள். அதை முறிக்க மருந்து கிடையாது.

இது 1968-லிருந்தே மருத்துவ இதழ்களில் பதிவாகி வருகிறது. 2001 ஜனவரியில் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் 18 வயது இளைஞர் ஒருவர் லுக்கீமியா அடங்கிய நிலையில் வழக்கமான முதுகு ஊசிக்கு வந்தார். நரம்பில் போட வேண்டிய வின்கிறிஸ்டின் சிரிஞ்ச் அதே நேரத்தில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. அடுத்த மாதம் அவர் இறந்துபோனார். அந்த வருடமே பிரிட்டன் அரசு நாடு முழுவதற்கும் விதி போட்டது: முதுகு ஊசிக்குத் தனி இடம், தனிப் பயிற்சி பெற்றவர்கள். 2007-இல் உலகச் சுகாதார நிறுவனம், வின்கிறிஸ்டினைச் சிரிஞ்சிலேயே எடுக்காதீர்கள், சின்னப் பையில் கரைத்து ஏற்றுங்கள் என்று எச்சரித்தது. எளிமையான யோசனை. 50 மி.லி. பையைப் பார்த்து முதுகு ஊசி என்று யாரும் நினைக்க மாட்டார்கள். இன்னொன்று, முதுகு ஊசிக்கென்றே தனிப் பொருத்துமுனை. நரம்பு வழி சிரிஞ்ச் அதில் மாட்டவே மாட்டாது. பியருக்கு அன்று சிரிஞ்ச் பொருந்தாதது விபத்து. இன்று தவறான சிரிஞ்ச் பொருந்தக் கூடாது என்று வேண்டுமென்றே செய்கிறார்கள்.

இரண்டு மருந்தும் ஒரே நாளில் எழுதப்படுவது இந்த நோயில் சகஜம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. மஞ்சளாக இருந்தால் சரி என்று நிறத்தை நம்பவும் கூடாது, மருந்துகள் கலந்து போடும் நாளில் நிறம் மாறும். லேபிளைப் படித்தாக வேண்டும், இரண்டு பேர் படித்தாக வேண்டும். மெத்தோட்ரெக்ஸேட்டிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சில குப்பிகளில் கெடாமல் இருக்க பென்சைல் ஆல்கஹால் சேர்த்திருப்பார்கள், அது முதுகுக்கு ஆகாது. வெளி மெடிக்கலில் வாங்கச் சொன்னால், சீட்டில் ப்ரிசர்வேட்டிவ் இல்லாதது என்று எழுதியிருக்கிறதா, கொடுத்த குப்பியும் அதுதானா என்று பார்த்து வாங்க வேண்டும். அப்பா ஒரு முறை கடைக்காரர் கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு கடைக்கு அலைந்தார்.

எங்கள் வார்டில் ஒரு சிஸ்டர் இருந்தார். ஊசிக்கு முன்னால் என் பெயரையும் ஐ.பி. நம்பரையும் என்னையே சொல்லச் சொல்வார். பிறகு சிரிஞ்சைக் கையில் தூக்கி டாக்டருக்குக் கேட்கும்படி சத்தமாகப் படிப்பார்: "மெத்தோட்ரெக்ஸேட், 12 மில்லிகிராம், முதுகுக்கு." டாக்டர் திருப்பிச் சொன்ன பிறகுதான் தட்டில் வைப்பார். அவசரமான நாளிலும் அதை விட்டதில்லை. எதற்கு இப்படி என்று ஒரு நாள் கேட்டேன். வின்கிறிஸ்டினைப் பற்றி அவர்தான் முதலில் எனக்குச் சொன்னார். அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். அம்மா 8-ஆம் வகுப்பு வரை படித்தவர். அந்தப் பெயரை நாலைந்து தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

கடைசி ஊசிக்குப் போன அன்று மற்றவர்கள் எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். பக்கத்து பெட் அண்ணன் முன்கூட்டியே லட்டு வாங்கி வைத்திருந்தார். நான் உள்ளே போகும்போது அம்மா வழக்கம் போலக் கதவுக்கு வெளியே நின்றார். கால் வருமா என்று அவர் இப்போதெல்லாம் கேட்பதில்லை. சிஸ்டரின் கையைப் பிடித்து நிறுத்தி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"வின்கிறிஸ்டின் இன்னைக்கு உண்டாம்மா?"

"இல்லக்கா. அது நாளைக்கு, கையில."

"சரி" என்று கையை விட்டார்.